உடைமையாளர் சொல் அளவையாகுமா?

ஒரு பொருளைத் தம் உடைமையாகக் கொண்டவர் அதைப் பற்றிக் கூறும் சொல், கேட்பவருக்கு அப்பொருளைக் குறித்த அறிவைத் தருகிறதா, அல்லது கூறுபவரின் மனநிலையை மட்டும் புலப்படுத்துகிறதா என்னும் வினா, இந்திய மெய்யியலில் உரையளவை என்னும் தலைப்பில் பல நூற்றாண்டுகள் விவாதிக்கப்பட்ட சிக்கலின் ஒரு பகுதியாகும். அளவை என்பது உண்மையறிவைத் தரும் கருவி. வடமொழி நூல்கள் இதனைப் பிரமாணம் என்கின்றன. புலன்களால் நேரே அறிவது காண்டல், அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றைத் துணிவது கருதல், நம்பத்தக்கவர் சொல்லைக் கேட்டு அறிவது உரை. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தில், அளவைகள் பலவாக எண்ணப்படுவதைச் சுட்டி, அவை யாவும் இம்மூன்றனுள் அடங்கும் என்று நிறுவினார். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்க, 29ஆம் காதையில் அறவண அடிகள் காண்டலும் கருதலுமாகிய இரண்டையே பௌத்தம் ஏற்கும் என்று கூறுகிறார். இவ்விவாதங்களில் உரை என்பது பெரும்பாலும் வேதத்தையோ ஆகமத்தையோ குறித்து நின்றதால், அன்றாட வாழ்வில் ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லும் சொல்லுக்கு அங்கே இடமில்லை என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணம் சரியன்று.

நியாய சூத்திரத்துக்கு 5ஆம் நூற்றாண்டளவில் உரை வகுத்த வாத்ஸ்யாயனர், ஆப்தன் எனப்படும் நம்பத்தக்கவனின் இலக்கணத்தைக் கூறுமிடத்து, அவன் பொருளை நேரில் உணர்ந்தவனாகவும் உணர்ந்தபடியே எடுத்துரைக்க விரும்புபவனாகவும் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொதுவானது என்றும் தெளிவுபடுத்தினார். எனவே சந்தையில் ஒரு பொருளை வாங்கிப் பயன்படுத்திய எவரும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டால் ஆப்தரே ஆவர். நூலின் இரண்டாம் அத்தியாயத்துக்குரிய உரையில் அவர் மூன்றாவது தகுதி ஒன்றையும் சேர்க்கிறார். அது உயிர்களிடத்து இரக்கம். தாமாக அறியமாட்டாதவர்களுக்கு எடுத்துரைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதை உணர்ந்து, அவர்கள் விலக்க வேண்டியதை விலக்கவும் அடைய வேண்டியதை அடையவும் வேண்டும் என்னும் கருணையால் பேசுவோரின் சொல்லே அளவையாகும் என்பது அவர் கருத்து. அறிவைப் பற்றிய ஒரு கோட்பாட்டுக்குள் இரக்கத்துக்கு இடம் ஏன் தரப்பட்டது என்பது பலராலும் விரைந்து கடந்து செல்லப்படும் கேள்வி. உடைமையாளரின் சொல்லை ஆராயும்போது அக்கேள்வியே மையமாக வந்து நிற்கிறது.

இதை ஆராய விலை குறைந்த ஒரு கருவியே போதும். சமய நூல்களைச் சூழ்ந்துள்ள பக்தியும் அச்சமும் அங்கே குறுக்கிடுவதில்லை என்பதால் சொல்லின் இயல்பு அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஜப்பானின் நிக்கான் நிறுவனம் 2006 நவம்பரில் அறிவித்த டி40 என்னும் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா அத்தகையது. எஸ்.எல்.ஆர். என்பது, லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளே சாய்வாக நிற்கும் ஒரு கண்ணாடி மேல்நோக்கித் திருப்பிப் படமெடுப்பவரின் கண்ணுக்கு அனுப்ப, பொத்தானை அழுத்திய கணத்தில் அக்கண்ணாடி மேலெழுந்து ஒளியைப் பின்னாலுள்ள ஃபிலிமில் விழச் செய்யும் அமைப்பு. ஃபிலிமின் இடத்தில் ஒளியை மின்குறியாக மாற்றும் சென்சார் வைக்கப்பட்டதே டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். நெடுங்காலம் தொழில்முறைக் கலைஞர்களின் கையில் மட்டும் இருந்த இவ்வகைக் கருவி, 2003இல் கேனன் நிறுவனத்தின் இஓஎஸ் 300டி 1,000 டாலருக்குக் கீழே விற்கப்பட்டபோதுதான் பொதுமக்கள் எட்டும் நிலைக்கு வந்தது. மூன்றாண்டுகள் கழித்து வந்த டி40, லென்ஸும் சேர்த்து அமெரிக்காவில் 600 டாலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் கிடைத்ததால், இவ்வகைக் கேமராவை முதன்முறையாக வாங்கும் பெருங்கூட்டம் ஒன்று உருவாயிற்று.

அதன் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம். அதன் சென்சார் 6.1 மெகாபிக்சல், அதாவது படம் ஏறத்தாழ 61 இலட்சம் ஒளிப்புள்ளிகளால் ஆனது. அதே 2006இல் வெளிவந்த கேனன் 400டி, சோனி ஆல்ஃபா 100 ஆகியவை 10 மெகாபிக்சல் அளவை எட்டிவிட்டிருந்தன. காட்சியைத் தானே கூர்மைப்படுத்தும் ஆட்டோ ஃபோகஸுக்கு மூன்றே புள்ளிகள் தரப்பட்டன. எல்லாவற்றையும்விட முக்கியமாக, லென்ஸைச் சுழற்றிக் கூர்மைப்படுத்தும் மோட்டார் கேமராவின் உடலுக்குள் வைக்கப்படவில்லை. நிக்கானின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். வரிசையில் அம்மோட்டார் இல்லாமல் வந்த முதல் கேமரா அதுவே. ஆகவே தனக்குள்ளேயே மோட்டாரைக் கொண்ட ஏ.எஃப்.-எஸ், ஏ.எஃப்.-ஐ வகை லென்ஸ்கள் மட்டுமே அதில் தாமாக ஃபோகஸ் ஆகும். மற்றவற்றைக் கையால் திருப்ப வேண்டும். கேமரா எடை குறைந்தது, பேட்டரி இல்லாமல் 475 கிராம்.

இக்கேமராவைப் பற்றி அதன் உடைமையாளர்கள் கூறிய கருத்துகள் ஒன்றுக்கொன்று நேர்மாறாக இருந்தன. நிறைவானது, இதற்குமேல் எவருக்கும் தேவையில்லை என்றனர் ஒரு சாரார்; ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைக்கூட ஃபோகஸ் செய்யாத கேமராவை ஒரு கேமராவாகவே கருத முடியாது என்றனர் மற்றொரு சாரார். ஒரே தொழிற்சாலையில் ஒரே வடிவில் செய்யப்பட்ட பொருளைப் பற்றி, பொய் சொல்ல எக்காரணமும் இல்லாதவர்கள், தம் கையில் வைத்துப் பார்த்த பின்னரும் இவ்வாறு மாறுபட்டுப் பேசுவார்களானால், நேரில் உணர்தலும் உணர்ந்தபடி சொல்லும் விருப்பமும் ஆகிய முதல் இரண்டு தகுதிகள் மட்டும் உரையை அளவையாக்கப் போதா என்பது புலனாகிறது.

பௌத்த அளவை நூலாரின் விடை இங்கே கூர்மையானது. திக்நாகர் உரையைத் தனி அளவையாக ஏற்காமல் கருதலுக்குள் அடக்கினார். அவர் வழிவந்த தர்மகீர்த்தி, சொல் புறப்பொருளை உறுதியாகக் காட்டுவதில்லை, சொல்பவரின் உட்கருத்தையே காட்டுகிறது என்றார். புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதுபோலச் சொல்லைக் கேட்டுச் சொன்னவர் மனத்தில் இருப்பதைத் துணியலாமே தவிர, அவர் மனத்தில் இருப்பது உலகிலும் அவ்வாறே உள்ளது என்பதற்கு அச்சொல்லே உறுதி தராது என்பது இதன் பொருள். டி40 சிறந்த கேமரா என்று ஒருவர் கூறும்போது கேட்பவர் ஐயமின்றிப் பெறும் அறிவு, கூறியவர் நிறைவோடு இருக்கிறார் என்பது மட்டுமே. இம்மறுப்பைத் தீர்ப்புச் சொற்கள் அளவில் முழுமையாக ஏற்பதே முறை. நன்று, சிறப்பு, ஏமாற்றம் என்னும் சொற்கள் பொருளோடு சேர்த்து, அதைவிட மிகுதியாக, சொல்பவரின் விருப்பத்தையும் அவர் எதிர்பார்ப்பையும் சுமந்து வருபவை.

இந்த நிறைவு எங்கிருந்து பிறக்கிறது என்பதை 20ஆம் நூற்றாண்டின் உளவியல் ஓரளவு சோதித்துக் காட்டியுள்ளது. 1956இல் ஜாக் பிரெம் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்கள் சிலவற்றை மதிப்பிட்ட பெண்கள், அவற்றுள் இரண்டில் ஒன்றைத் தமக்கெனத் தேர்ந்துகொண்ட பின் மீண்டும் மதிப்பிட்டபோது, தேர்ந்த பொருளின் மதிப்பை உயர்த்தியும் விடுத்த பொருளின் மதிப்பைத் தாழ்த்தியும் கூறினர். இடையில் பொருள்கள் எவ்வகையிலும் மாறவில்லை. மறு ஆண்டு வெளிவந்த வேறொரு ஆய்வு, புதிதாகக் கார் வாங்கியவர்கள் தாம் வாங்கிய காரின் விளம்பரங்களையே, வாங்காது விட்ட கார்களின் விளம்பரங்களைவிட மிகுதியாகப் படிப்பதைக் கண்டது. வாங்கும் முன் விளம்பரம் படிப்பது அறிவதற்கு. வாங்கிய பின் படிப்பதோ தாம் செய்தது சரியே என்னும் உறுதியை நாடி. லியோன் ஃபெஸ்டிங்கர் 1957இல் இதற்கு அறிவுமுரண் என்னும் கோட்பாட்டை வகுத்தார்: செய்துவிட்ட செயலும் அதற்கு எதிரான எண்ணமும் ஒரே மனத்தில் பொருந்தி இரா, செயலை மாற்ற இயலாதபோது எண்ணம் மாறுகிறது. 1990இல் கானெமன், நெட்ஷ், தேலர் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கோப்பை ஒன்றைக் கையில் பெற்ற மாணவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, அதைப் பெறாதவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அவர்கள் அதை வைத்திருந்த நேரமோ மிகச் சிறிது.

சமய மரபுகளுக்கு இது புதிய செய்தியன்று. யான் என்பதும் எனது என்பதும் ஒரே கட்டின் இரு முனைகள் என்பதைச் சைவமும் பௌத்தமும் சமணமும் தத்தம் மொழியில் கூறியுள்ளன. வடமொழியார் முன்னதை அகங்காரம் என்றும் பின்னதை மமகாரம் என்றும் வழங்குவர். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல், ஒருவர் தமது என்று சொல்லத்தக்க அனைத்தின் தொகையே, உடலும் உறவும் வீடும் உடைமையும் சேர்ந்த அந்த முழுமையே, பரந்த பொருளில் அவரது தன்னிலை என்று எழுதினார். அவ்வாறெனில் ஒருவரின் கேமராவைக் குறை கூறுவது அவரையே குறை கூறுவதாக அவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. அவர் அதைப் புகழ்வதிலும் தற்காப்பு கலந்திருக்கிறது. விலை குறைந்த பொருளில் இது தணியும் என்று சிலர் எண்ணலாம். நடப்பது பெரும்பாலும் எதிர்மாறு: குறைந்த வருவாயிலிருந்து சேமித்து வாங்கியவருக்கு அந்த 600 டாலர் சிறு தொகையன்று, மேலும் உயர்ந்த கருவிகளை வைத்திருப்போரின் ஏளனம் அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது, ஆகவே தற்காப்பு இங்கே இன்னும் கடுமையாகிறது.

இத்தனையும் உண்மையானால் உடைமையாளர் சொல்லைத் தள்ளிவிட்டு, பற்றில்லாத சோதனையாளரின் சொல்லை மட்டும் ஏற்கலாமே என்னும் முடிவு எளிதாகக் கிடைக்கிறது. அம்முடிவு தவறு என்பதற்கான காரணம் காலத்தில் இருக்கிறது. சோதனையாளர் ஒரு கருவியைச் சில நாள்கள் வைத்திருந்து அளந்து திருப்பித் தருகிறார்; அளவுகளில் அவர் துல்லியமானவர். ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் சென்சாரில் படியும் தூசி, அதைத் தானே உதறும் அமைப்பு டி40இல் இல்லாததால் பல மாதங்களில் வானத்தின் படங்களில் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்குவதும், எடை குறைந்த கேமரா பையில் கிடப்பதால் வீட்டில் விட்டுச் செல்லப்படும் கனமான கேமராவைவிட மிகுதியாகப் படமெடுப்பதும், சோதனைக் காலத்துக்குள் நிகழ்வன அல்ல. சில உண்மைகள் நெடுநாள் பழக்கத்துக்கு மட்டுமே தம்மைக் காட்டுகின்றன. இவ்வுண்மைகளை அறியும் வாயில் உடைமை ஒன்றே. அந்த வாயிலே பற்றையும் உள்ளே கொண்டுவருகிறது என்பதுதான் இச்சிக்கலின் கடினம். அறிவைத் தருவதும் அறிவைத் திரிப்பதும் ஒரே உறவு.

டி40இல் இல்லாதிருந்த மோட்டார் இதை மேலும் நுட்பமாக்குகிறது, ஏனெனில் இல்லாமையை அறிவது எப்படி என்பதே தனியொரு மெய்யியல் சிக்கல். மணிமேகலை கூறும் பத்து அளவைகளுள் அபாவம் ஒன்று. 7ஆம் நூற்றாண்டின் மீமாம்சகர் குமாரிலர், குடம் தரையில் இல்லை என்னும் அறிவு புலனால் வருவதன்று, குடம் காணப்படாமையால் வருவது என்று கூறி, காணாமையையே தனி அளவையாகக் கொண்டார். ஆனால் எல்லாக் காணாமையும் இல்லாமையை நிறுவாது. இருந்திருந்தால் கண்டிருக்கத்தக்க இடத்தில், கண்டிருக்கத்தக்க சூழலில் காணாமல் இருப்பதே இல்லாமைக்குச் சான்றாகும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதால் குடம் இல்லை என்று துணிய முடியாது. கேமராவுடன் வந்த லென்ஸை ஒருபோதும் கழற்றாத உடைமையாளருக்கு மோட்டாரின் இல்லாமை ஒருபோதும் நிகழவில்லை. அவர் எந்தக் குறையும் இல்லை என்று கூறும்போது பொய் சொல்லவில்லை, தாம் பார்க்காத இடத்தைப் பற்றிப் பேசுகிறார். முந்தைய நிக்கான் ஃபிலிம் கேமராவுக்கென வாங்கிய, மோட்டார் இல்லாத பழைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை வைத்திருந்தவருக்கோ, வாங்கிய முதல் நாளே அந்த இல்லாமை கண்முன் நின்றது. இருவரும் உண்மை பேசுபவர்கள். இருவரின் சொல்லும் அளவையாக வேண்டுமானால், எந்த லென்ஸைக் கொண்டு, எவ்வகை ஒளியில், எதைப் படமெடுத்து இம்முடிவுக்கு வந்தார் என்பதும் சொல்லோடு சேர்ந்து வர வேண்டும். குறை எதுவும் தென்படவில்லை என்னும் பாராட்டுகளில் மிகப் பெரும்பாலானவை இருட்டறைக் காணாமையே என்று துணிந்து கூறலாம்.

இன்னும் ஒரு படி மேலே சென்றால், ஒருவருக்கு இல்லாமை என்பது மற்றொருவருக்குப் பேறாகவும் அமைந்தது. நிக்கான் 1959இல் அறிமுகப்படுத்திய எஃப் பூட்டு என்னும் லென்ஸ் இணைப்பு அடிப்படையில் பல பத்தாண்டுகள் மாறாமல் தொடர்ந்தது. ஆனால் 1977இல் அதில் ஏ.ஐ. என்னும் திருத்தம் செய்யப்பட்ட பின், கேமராவின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு உறுப்பு பழைய லென்ஸ்களோடு உராய்ந்து சேதமுறும் என்பதால், அவற்றைப் பெரும்பாலான கேமராக்களில் மாட்டவே இயலாதிருந்தது. விலையைக் குறைப்பதற்காக அவ்வுறுப்பும் டி40இல் வைக்கப்படவில்லை. அதனால் 1977க்கு முந்தைய லென்ஸ்களும் அதில் சேதமின்றிப் பொருந்தின. ஒளியை அளக்கும் அமைப்பு அவற்றோடு வேலை செய்யாது, ஃபோகஸும் வெளிச்சமும் கையாலேயே அமைக்கப்பட வேண்டும். ஆயினும் பழைய லென்ஸ்களை நேசித்தவர்களுக்கு அந்த மலிவான கேமரா, அதைவிட விலை உயர்ந்தவை தராத ஒன்றைத் தந்தது. ஒரு பொருளின் குணமும் குற்றமும் நோக்குநிலையைச் சார்ந்தே உரைக்கத்தக்கவை என்று சமணர் கூறும் நயவாதத்துக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைத் தேட வேண்டியதில்லை.

உடைமையாளர் சொல்லின் மதிப்பு, வாங்குபவர்கள் தாமே செய்யும் கருதலோடு ஒப்பிட்டால் நன்கு விளங்கும். 10 மெகாபிக்சல் 6 மெகாபிக்சலைவிட மிகுதி, ஆகவே படம் சிறக்கும் என்பது அக்காலத்துக் கடைகளில் செல்வாக்குப் பெற்றிருந்த வாதம். கருதல் பிழையற்றதாக வேண்டுமானால் காரணத்துக்கும் முடிவுக்கும் இடையே விலகாத் தொடர்பு இருக்க வேண்டும் என்பது நியாய நூலாரின் விதி. இதற்கு வியாப்தி என்று பெயர். நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்னும் கூற்று இவ்விதியில் தோற்கிறது, ஏனெனில் ஈர விறகு என்னும் மறைந்த நிபந்தனை இருந்தால்தான் புகை எழும். அத்தகைய மறைந்த நிபந்தனையை உபாதி என்பர். மெகாபிக்சல் வாதத்திலும் உபாதி ஒளிந்திருந்தது. 3,008 புள்ளி அகலமுள்ள டி40 படத்தோடு 2007இல் வந்த டி40எக்ஸின் 3,872 புள்ளி அகலத்தை ஒப்பிட்டால் அகலவாட்டில் மிகுதி 29 விழுக்காடு மட்டுமே. அதுவும் பெரிய அளவில் அச்சிட்டால், லென்ஸ் கூர்மையாக இருந்தால், கை அசையாதிருந்தால் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அஞ்சலட்டை அளவிலும் கணினித் திரையிலும் பார்ப்பவருக்கு அந்த மிகுதி புலப்படுவதில்லை. அத்தோடு, டி40 வினாடியின் 500இல் ஒரு பங்கு வேகத்திலும் ஃபிளாஷ் ஒளியோடு இயைந்து படமெடுத்ததால் கடும் வெயிலில் முகத்தின் நிழலை நீக்க உதவியது. புள்ளிகள் கூடிய டி40எக்ஸில் அவ்வேகம் 200இல் ஒரு பங்காகக் குறைந்தது. இந்த உபாதிகளை வெளிக்கொணர்ந்தவர்களில் பலர் அவ்விரு கேமராக்களையும் வெயிலில் தூக்கிக்கொண்டு திரிந்த உடைமையாளர்கள். கடைக்காரரின் கருதலை அவர்களது காண்டல் திருத்திற்று.

விலை குறைந்த முதல்நிலைக் கருவி என்பதால் எழும் தனிச் சிக்கலும் ஒன்றுண்டு. இதை வாங்கியவர்களில் பலர் இதற்கு முன் இவ்வகைக் கேமராவைக் கையாண்டதில்லை. ஒப்பிட வேறொன்று இல்லாத இடத்தில் சிறந்தது என்னும் சொல்லுக்குப் பற்றுக்கோடு இல்லை. இதைச் சுட்டி, தேர்ந்த கலைஞர்கள் புதியவரின் சொல்லைக் கேட்பதற்கே மறுப்பர். மிராண்டா ஃபிரிக்கர் என்னும் ஆங்கில மெய்யியலாளர் 2007இல் வெளியிட்ட நூலில், ஒருவர் எவ்வகையினர் என்பதைக் கொண்டு அவர் சொல்லுக்கு உரிய நம்பிக்கையைக் குறைத்துக் கொடுப்பதைச் சான்றுரை அநீதி என்று பெயரிட்டு, அது அவரை அறிபவர் என்னும் நிலையிலிருந்தே இறக்கும் கொடுமை என்று விளக்கினார். மலிவான கேமரா வைத்திருப்பவருக்கு நேரும் புறக்கணிப்பு இனத்தாலும் பாலாலும் நேரும் கொடுமைகளுக்கு நிகரன்று. ஆயினும் அதுவும் அவ்வகையைச் சேர்ந்ததே. திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் சொல்லைச் சொன்னவர் வாயால் அளக்காமல் அதன் மெய்ப்பொருளால் அளக்கச் சொல்கிறது, தெரிந்து தெளிதல் அதிகாரமோ ஆளை ஆராய்ந்த பின்னரே நம்பச் சொல்கிறது. இரண்டும் முரணல்ல. புதியவரின் சொல்லில் எது அவர் அறிந்தது, எது அவர் அறியவியலாதது என்று பிரிப்பதே ஆராய்தல்; பிரித்த பின் அவர் அறிந்ததைத் தள்ளாமை மெய்ப்பொருள் காண்டல்.

அவர் அறிந்தது சிறிதன்று. பொத்தான்களின் குறிகள் எவ்வளவு குழப்பமூட்டின, மங்கலான அறையில் குழந்தையின் முகம் ஏன் கலங்கிப் பதிந்தது, எத்தனை வாரங்களில் அச்சம் நீங்கியது என்பவற்றை இருபதாண்டு பழகிய கலைஞர் மறந்துவிட்டார்; மறந்தவர் அவற்றுக்குச் சான்றாக முடியாது. தொடங்குபவரின் இடர்களைத் தொடங்கியவரே உரைக்க வல்லார். தேர்ந்தவர்கள் புதியவருக்கு அறிவுரை கூறும்போது பலமுறையும் நேர்வது, தம் தேவையைக் கேட்பவரின் தேவையாக எண்ணிவிடுதல். இன்னும் கொஞ்சம் சேர்த்து உயர்ந்ததை வாங்குக என்னும் அந்த எளிய சொல், சேர்க்க இயலாதவரைக் கணக்கில் கொள்வதில்லை. அறிவு மிக்கவர் சொல்லும் இங்கே அளவையாகாமல் போகிறது. அறிவுக் குறைவால் அன்று, இரக்கக் குறைவால்.

வாத்ஸ்யாயனர் இரக்கத்தை அறிவின் இலக்கணத்துக்குள் வைத்ததன் நியாயம் இங்கேதான் விளங்குகிறது. உடைமையாளரின் சொல் இரண்டு திசைகளில் ஒன்றை நோக்கியே பிறக்கிறது: தம் தேர்வைக் காக்கும் பொருட்டு, அல்லது இனி வாங்கப் போகிறவரின் பொருட்டு. முன்னதில் பொருள் பற்றிய செய்திகள் இருந்தாலும் அவை தற்காப்புக்குத் தக்கவாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. கேட்பவர் அதில் முகமற்றவர். பின்னதில் கேட்பவரின் நிலை சொல்பவரின் மனத்தில் இடம்பெறுவதால், அவருக்குப் பயன்படும் செய்தியும் அவருக்குத் தீங்காகும் குறையும் தாமாகவே மேலெழுகின்றன. தம் பொருளின் குறையைச் சொல்வது தம் தேர்வைத் தாமே குறைப்பதாகும். அந்த இழப்பை ஏற்றுக்கொண்டு பேசச் செய்வது கேட்பவர்பால் உள்ள அக்கறை ஒன்றே. பற்றை வெல்ல நடுநிலை என்னும் வெறுமை போதாது. பிறர்பால் செல்லும் வேறொரு பற்றே அதை வெல்கிறது. ஆகவே இரக்கம் அறிவுக்குப் புறம்பான நற்பண்பாக அங்கே சேர்க்கப்படவில்லை, உடைமை திரித்த அறிவை நேராக்கும் விசையாகவே சேர்க்கப்பட்டது என்று கொள்வது பொருந்தும்.

எண்ணிக்கையால் இக்குறையை நிரப்பலாம் என்று கருதுவோர் உண்டு. ஃபிரெஞ்சு அறிஞர் கோந்தோர்செ 1785இல் நிறுவிய தேற்றத்தின்படி, தனித்தனியே பாதிக்குமேல் சரியாக இருக்கத்தக்க பலர் கூடி முடிவு செய்தால், எண்ணிக்கை பெருகப் பெருகப் பெரும்பான்மையின் முடிவு உண்மையை நெருங்கும். அத்தேற்றத்தின் உயிர்நாடி, ஒவ்வொருவரும் பிறரைச் சாராமல் தீர்ப்பளிக்க வேண்டும் என்னும் நிபந்தனை. ஒரே பொருளின் உடைமையாளர்கள் தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தவர்கள். தேராதவர்கள் அக்கூட்டத்தில் இல்லை, வெறுத்து விற்றவர்கள் பெரும்பாலும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள், இருப்பவர்களும் ஒருவர் சொல்லை மற்றவர் கேட்டுத் தம் நிறைவை உறுதிப்படுத்திக்கொள்கிறார்கள். அவர்களின் ஒருமித்த குரல் உரத்து ஒலிக்கலாம், சான்றின் வலிமை அதே அளவில் வளர்வதில்லை.

ஒரு காலத்தில் வைத்திருந்து பின்னர் கைவிட்டவரின் சொல்லுக்குத் தனி மதிப்புத் தர வேண்டும். பழக்கத்தால் வரும் அறிவு அவரிடம் உண்டு, காக்க வேண்டிய தேர்வு அவரிடம் இல்லை. புதிதாக வாங்கிய கருவியின்மேல் அவர் கொண்ட பற்று பழையதைத் தாழ்த்தத் தூண்டும் என்பது உண்மையே. அதனால்தான் கைவிட்ட பின்னும் பழையதைப் பற்றி நல்லது சொல்பவரின் சொல் மிகுந்த எடை உடையது. சொல்லுக்குக் காலமும் உண்டு என்பதை இங்கே சேர்த்துக் கூற வேண்டும். 2006இல் டி40 வாங்கியவர், மங்கிய ஒளிக்கு ஏற்றதும் விலை குறைந்ததும் அக்கேமராவில் தானே ஃபோகஸ் ஆவதுமான நிலைக்குவிய லென்ஸ் ஒன்று நிக்கானிடம் இல்லை என்று குறைகூறியது அன்று முற்றிலும் உண்மை. 2009இல் மோட்டார் பொருந்திய 35 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் வந்தபோது அக்குறை நீங்கிற்று. பழைய சொல்லைக் கேட்டு வாங்காது போனவர் பொய்யால் ஏமாறவில்லை, காலம் கடந்த உண்மையால் ஏமாந்தார்.

டி40 விற்பனையிலிருந்து மறைந்து நெடுங்காலம் ஆயிற்று.  ஆயினும் பயன்படுத்திய பழைய கேமராக்களாக அவை இன்றும் கைமாறுகின்றன. குறைந்த பணத்தோடு தொடங்க விரும்பும் மாணவர் அவற்றைப் பற்றி யாரிடமேனும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேட்கப்படும் உடைமையாளர், அது நல்லதா என்னும் வினாவுக்கு விடை கூறும் முன், எதைப் படமெடுக்க விரும்புகிறீர், கையில் எந்த லென்ஸ் உள்ளது என்று கேட்டறிந்து, அதற்குப் பின் அந்தக் கேமரா தம் கையில் எதைச் செய்ய மறுத்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.